தறி வளர்த்த கடைத்தெரு: இலண்டன் பிரிக் லேனின் வரலாறு

நெசவாளர் குடியிருக்கும் தெருவை அயலூரார்கூட எளிதில் அறிந்துகொள்வர். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பாவும், பகல் முழுதும் வீட்டுக்கு வீடு எழும் தறியோசையும் அதனைச் சொல்லாமற் சொல்லிவிடும். இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலும் ஒரு காலத்தில் இவ்வாறு தறியோசையால் அறியப்பட்ட வட்டாரம் ஒன்று இருந்தது என்றால் நம் உறுப்பினருள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அவ்வட்டாரத்தின் பெயர் ஸ்பிட்டல்பீல்ட்ஸ். அதனூடே தெற்கு வடக்காகச் செல்லும் கடைத்தெருவின் பெயர் பிரிக் லேன்.

பிரெஞ்சு நாட்டுப் பட்டு நெசவாளர், ருஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதத் தையற்காரர், வங்காளத்துச் சில்ஹெட் மாவட்டத்தார் என மூன்று கூட்டத்தார், உயிருக்கு அஞ்சியோ பிழைப்புத் தேடியோ, ஒருவர் பின் ஒருவராக இத்தெருவை வந்தடைந்தனர். ஒவ்வொருவரும் உழைத்து அதனை வளப்படுத்தினர். ஆயினும் முதல் இரு கூட்டத்தாரின் தொழிலும் இன்று அங்கே இல்லை. மூன்றாமவர் கடைகளும் குறைந்து வருகின்றன. இஃது ஏன் நிகழ்ந்தது என்று ஆராய்வது, தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் நமக்குப் பயனற்ற வேலையன்று.

மதிலுக்கு வெளியே ஒரு வயல்

1197-ஆம் ஆண்டில் இலண்டன் நகர மதிலுக்கு வெளியே தூய மேரியின் பெயரால் ஒரு மருத்துவ மடம் நிறுவப்பட்டது. அதனைச் சூழ்ந்திருந்த வயலே, ‘மருத்துவமனை வயல்’ என்னும் பொருளில், ஸ்பிட்டல்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. அங்கே செங்கல்லுக்கு ஏற்ற மண் கிடைத்தது. சூளைகள் எழுந்தன. சூளையிலிருந்து செங்கல் ஏற்றிய வண்டிகள் சென்ற தடமே பின்னர்ச் ‘செங்கல் சந்து’ என்று பொருள்படும் பிரிக் லேன் ஆயிற்று.

வட்டாரம் நகர எல்லைக்குப் புறம்பே இருந்தமையால் நகரத்துத் தொழிற்குழுக்களின் கட்டுப்பாடு அங்கே அவ்வளவாகச் செல்லவில்லை. வாடகையும் குறைவு. எனவே, நகருக்குள் தொழில் செய்ய இயலாத புதியவர்க்கு அது புகலிடமாயிற்று.

விளைபொருள் விற்போர் நினைவிற்கொள்ளத்தக்க செய்தியொன்று இங்குண்டு. 1682-இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் இவ்விடத்தில் சந்தை கூட்டும் உரிமையை ஜான் பால்ச் என்பவருக்கு வழங்கினார். அவரோ பட்டு நூலை முறுக்கேற்றும் தொழிலினர். வியாழனும் சனியும் கூடிய அச்சந்தையே நாளடைவில் காய்கனி மொத்த வாணிகத்துக்குப் பேர்பெற்றது. 1876-இல் அதன் குத்தகையைப் பெற்ற ராபர்ட் ஹார்னர், முன்பு அதே சந்தையில் மூட்டை சுமந்தவர். அவர் காலத்தில் எழுந்த கட்டடங்கள் இன்றும் உள்ளன. காய்கனி வாணிகமோ 1991-இல் லேட்டன் என்னும் இடத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது. தறியும் விளைபொருளும் அருகருகே வளர்ந்த வட்டாரம் இது என்பது இதனால் விளங்கும்.

அகதியராய் வந்த பட்டு நெசவாளர்

பிரெஞ்சு நாட்டில் புராட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர்களை ஹியூகனாட்டுகள் என்பர். அவர்களுக்கு 1598-இல் நாண்ட் சாசனம் வழங்கிய வழிபாட்டுரிமையைப் பதினான்காம் லூயி மன்னர் 1685-இல் நீக்கினார். நாட்டைவிட்டு வெளியேறுவதும் குற்றமாக்கப்பட்டது. எனினும் பல்லாயிரவர் மறைவாக எல்லை கடந்தனர். இங்கிலாந்தை அடைந்தோர் ஏறத்தாழ 50,000 பேர் என்பர். அகதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே இவர்களோடுதான் அம்மொழிக்கு வந்தது.

இவர்களுள் பட்டு நெசவு அறிந்த பலர் ஸ்பிட்டல்பீல்ட்ஸில் குடியேறினர். அங்கு முன்பே சிறிது பட்டுத்தொழில் இருந்தது. இவர்கள் வரவால் அது பெருந்தொழிலாக வளர்ந்தது. பூவேலைப் பட்டு, வெல்வெட்டு, டமாஸ்கு முதலியன அவர்தம் தறிகளில் உருவாயின. பிரிக் லேனை அடுத்துள்ள ஃபூர்னியே தெரு, பிரின்ஸ்லெட் தெரு முதலியவற்றில் அக்காலத்து வீடுகள் இன்றும் உள்ளன. அவற்றின் மேல்மாடியில் அகன்ற சாளரங்களைக் காணலாம். இழை எண்ணி நெய்பவனுக்கு வெளிச்சம் எத்துணை இன்றியமையாதது என்பதை நம் நெசவாளர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அன்னா மரியா கார்த்வெயிட் என்னும் பெண்மணி இங்கு வாழ்ந்த புகழ்பெற்ற பட்டு வடிவமைப்பாளர். பாதிரியார் ஒருவரின் மகளாகிய அவர், 1763-இல் மறையும்வரை செடிகொடிகளின் உருவங்களைப் பட்டில் நெய்வதற்கேற்ப வரைந்து தந்தார். அவர் வரைந்தவற்றுள் 800-க்கு மேற்பட்டவை இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

நெசவாளர் அறிவுத்துறையிலும் பின்தங்கியவரல்லர். 1717-இல் தொடங்கிய ஸ்பிட்டல்பீல்ட்ஸ் கணிதக் கழகத்தில் தறிக்காரர் பலர் உறுப்பினராயிருந்தனர். ஓர் உறுப்பினர் கணக்கில் ஐயம் கேட்டால் மற்றவர் தமக்குத் தெரிந்ததை விளக்கிச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது அக்கழகத்தின் விதி. நிறப்பிழை நீக்கிய தொலைநோக்கி வில்லைக்கு 1758-இல் காப்புரிமை பெற்ற ஜான் டாலண்டு, இவ்வட்டாரத்து ஹியூகனாட்டு நெசவாளர் ஒருவரின் மைந்தரே; தாமும் இளமையில் தறியில் அமர்ந்தவர்.

புதிய நாட்டில் கையற்று நின்றவர்க்கு அவர்தம் மக்களே துணையாயினர். 1690-ஐ ஒட்டி ஏழைகளுக்கு உணவளிக்கும் அறச்சாலை ஒன்றைத் தொடங்கினர். 1718-இல் பிரெஞ்சு மருத்துவமனை அரச சாசனம் பெற்றது. ஒரே மாகாணத்திலிருந்து வந்தோர் வாரந்தோறும் சிறு தொகை செலுத்தி, நோய்க்கும் சாவுக்கும் உதவும் சகாய சங்கங்களை அமைத்துக்கொண்டனர். கூட்டுறவு என்னும் பெயர் வழங்காத காலத்திலேயே அதன் வேர் அங்கே ஊன்றியிருந்தது.

சோழமண்டலத் துணியும் இலண்டன் கலகமும்

இக்கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. அக்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் சோழமண்டலக் கரையிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகளைக் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கு ஏற்றிச் சென்றனர். அவை சாயம் போகாதவை, துவைக்க எளியவை, விலையும் குறைந்தவை. இலண்டன் மாதர் பட்டை விடுத்து அவற்றை விரும்பி உடுத்தினர். பட்டு நெசவாளரும் கம்பளி நெசவாளரும் கலங்கினர். அச்சிட்ட இந்தியத் துணியின் இறக்குமதியை 1700-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. வெள்ளைத் துணியை வருவித்து அங்கேயே அச்சிடும் தொழில் வளரவே, 1719-இல் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் நெசவாளர் தெருவில் இறங்கினர். பருத்தி ஆடை உடுத்திச் சென்ற பெண்களை மறித்து அவ்வாடைகளைக் கிழித்தனர். மை முதலியவற்றை ஊற்றிப் பாழாக்கினர். 1721-இல் அச்சிட்ட பருத்தி ஆடையை உடுத்துவதே குற்றம் எனச் சட்டம் வந்தது.

அதே கம்பெனியார் 1734-இல் சென்னையில் நெசவாளரையும் நூற்போரையும் சாயமிடுவோரையும் குடியேற்றிச் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தனர். ஆக, கடலின் ஒரு கரையில் தறிக்காரர் துணிக்காகப் பேட்டை அமைக்கப்பட்டது. மறு கரையில் அத்தகைய துணியை எதிர்த்துத் தறிக்காரர் கலகம் செய்தனர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. பட்டினிக்கு அஞ்சிய ஸ்பிட்டல்பீல்ட்ஸ் நெசவாளர் கைக்கு எட்டியது வழியிற் சென்ற பெண்ணின் ஆடைதான். விலையையும் வாணிகத்தையும் முடிவு செய்தவர் இரு கரை நெசவாளருமல்லர். பெண்களுக்கு இழைத்த அக்கொடுமையை நாம் நியாயப்படுத்த முடியாது. ஆனால் சந்தை தன் கையில் இல்லாத தொழிலாளியின் சினம் எங்கெங்கோ பாய்ந்துவிடும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகிறது.

கூலிச் சட்டம்: நன்மையும் குறையும்

ஸ்பிட்டல்பீல்ட்ஸ் நெசவாளருள் பெரும்பாலோர் கூலிக்கு நெய்தவரே. முதலாளி பட்டு நூலைத் தருவார். நெசவாளர் தம் வீட்டுத் தறியில் நெய்து கொடுத்து அளவுக்கேற்பக் கூலி பெறுவார். ஒரு பாவு முடிந்து மறு பாவு கிடைக்கும்வரை தறி சும்மா கிடக்கும். இந்நிலை நம்மவர்க்குப் புதிதன்று.

1760-களில் பிரெஞ்சுப் பட்டின் போட்டி மிகுந்தது, கூலி சரிந்தது. நெசவாளர் சிலர் இரகசியக் குழுக்களாகக் கூடி, குறைந்த கூலிக்கு இசைந்தோர் தறிகளில் ஏறியிருந்த பட்டை இரவில் அறுத்தெறிந்தனர். அரசு படையை அனுப்பியது. 1769 டிசம்பர் 6-ஆம் நாள் ஜான் டாய்ல், ஜான் வாலைன் என்னும் இருவர், நெசவாளர் கண்முன்னே பெத்னல் கிரீன் சந்தியில் தூக்கிலிடப்பட்டனர்.

இக்கொந்தளிப்புக்குப் பின் 1773-இல் ‘ஸ்பிட்டல்பீல்ட்ஸ் சட்டம்’ பிறந்தது. இலண்டன் வட்டாரத்துப் பட்டு நெசவுக் கூலியை நீதிபதிகள் நிர்ணயிப்பர். அதற்குக் கூடுதலாகவோ குறைவாகவோ கொடுக்கும் முதலாளிக்கு 50 பவுன் அபராதம். 1792-இல் கலப்புப் பட்டுக்கும் 1811-இல் பெண் நெசவாளர்க்கும் சட்டம் விரிந்தது. முதலாளிகளும் நெசவாளரும் கூலிப்பட்டியலைப் பேசி முடித்து நீதிபதி முன் வைத்தனர். வன்முறை பெரும்பாலும் ஓய்ந்தது. நெசவாளர்க்கு இது பெரும் பேறேயாகும்.

எனினும் அச்சட்டம் இலண்டன் வட்டாரத்துக்கு மட்டுமே உரியது. கூலி குறைந்த வெளியூர்களில் முதலாளிகள் தறிகளை அமைக்கலாயினர். நாளடைவில் எசெக்ஸும் மாக்கில்ஸ்பீல்டும் வளர, ஸ்பிட்டல்பீல்ட்ஸில் வேலை அருகியது. 1823-இல் சட்டத்தை நீக்கும் முயற்சி எழுந்தபோது ஆயிரக்கணக்கான நெசவாளர் கையொப்பமிட்டு எதிர்ப்பு மனு அளித்தனர். பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ நாடாளுமன்றத்தில் நீக்கத்தை ஆதரித்துப் பேசினார். 1824-இல் சட்டம் நீக்கப்பட்டது. 1826-இல் பிரெஞ்சுப் பட்டுக்கு இருந்த தடை நீங்கித் தீர்வை மட்டும் நின்றது. 1860-இல் பிரெஞ்சு நாட்டுடன் செய்த ஒப்பந்தத்தால் அத்தீர்வையும் நீங்கியது. விக்டோரியா அரசியார் 1840-இல் தம் திருமணத்தன்று அணிந்த பட்டு ஸ்பிட்டல்பீல்ட்ஸில் நெய்யப்பட்டது. அப்புகழ் அத்தொழிலைக் காக்கவில்லை. எஞ்சியிருந்த பெரிய நிறுவனமாகிய வார்னர் 1895-இல் எசெக்ஸிலுள்ள பிரெய்ன்ட்ரீக்குத் தறிகளை மாற்றியது.

சட்டம் கூலியைக் காத்தது. வேலையைக் காக்க அதனால் இயலவில்லை. நூலும் விற்பனையும் முதலாளி கையில் இருந்தன. அவர் வேறூருக்குச் சென்றால் பின்தொடர்ந்து செல்லச் சட்டத்துக்குக் கால் இல்லை. சட்டத்தை நீக்கியதும் நெசவாளர்க்கு நன்மை தரவில்லை. கூலி மேலும் வீழ்ந்ததே கண்ட பலன்.

தையற்கூடங்களின் காலம்

1881-இல் ருஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டபின் அங்கே யூதர்மீது கொடிய தாக்குதல்கள் நடந்தன. 1914 வரையில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் வரை யூதர் பிரிட்டனில் குடியேறினர் என்பர். அவருள் மிகப் பலர் முதலில் வந்து தங்கியது இலண்டனின் கிழக்குப் பகுதியே. நெசவாளர் விட்டுச்சென்ற மாடங்களில் தையல் இயந்திரங்கள் ஓடலாயின. காற்றோட்டமில்லாத சிறு கூடங்களில் ஆயத்த ஆடை தைக்கும் வேலை இரவிலும் தொடர்ந்தது. 1889-இல் ஆயிரக்கணக்கான தையற்காரர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலை கூடாதென்று வேலைநிறுத்தம் செய்தனர். அப்போதுதான் தம் போராட்டத்தில் வென்றிருந்த துறைமுகத் தொழிலாளர் அவர்களுக்கு நிதியுதவி செய்தமை போற்றத்தக்கது.

யூதர்க்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். ஆதலின் ஞாயிற்றுக்கிழமையில் கடை விரித்தனர். நாடெங்கும் கடையடைத்திருக்கும் நாளில் பிரிக் லேனிலும் அருகிலுள்ள பெட்டிக்கோட் லேனிலும் பெருஞ்சந்தை கூடிற்று. பழந்துணி, பாத்திரம், ஊறுகாய் மீன், கோழி, புறா எனக் கிடைக்காத பொருளில்லை. வளையம்போற் சுட்ட ‘பேகல்’ ரொட்டியை இரவு முழுதும் விற்கும் கடை இன்றும் அங்குண்டு.

இவர்களும் சங்கம் அமைக்கத் தவறவில்லை. சகாய சங்கங்கள் நோயாளிக்கும் கைம்பெண்ணுக்கும் உதவின. புரூன் தெருவில் 1902-இல் எழுந்த இலவச உணவுச்சாலையின் முகப்பை இன்றும் காணலாம். பெல் லேனில் இருந்த யூத இலவசப் பள்ளியில் 1900-ஐ ஒட்டி ஏறத்தாழ 4,000 மாணவர் பயின்றனர். கல்வி பெற்ற இளைஞர் நல்ல இடம் நாடி வடக்கு இலண்டனுக்குச் சென்றனர். இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சு மற்றவரையும் கலைத்தது.

வங்காளத்தார் வரவு

வங்காளக் கச்சாப் பட்டு கம்பெனியார் காலத்திலேயே இலண்டன் தறிகளுக்குச் சென்றது. மக்கள் பின்னரே சென்றனர். பிரிட்டிஷ் கப்பல்களின் இயந்திர அறைகளில் கரியள்ளிப் போட்ட சில்ஹெட் மாலுமிகளில் சிலர் இலண்டனில் தங்கினர். 1950, 1960-களில் அவர்தம் உறவினர் வேலை தேடி வந்தனர். 1971-இல் வங்கதேசம் விடுதலை பெற்றது; அந்தப் பத்தாண்டில் மனைவி மக்களும் வந்து சேர்ந்தனர். யூதர் நடத்திய தையற்கூடங்களில் இவர்கள் தையற்காரராயினர். பின்பு தாமே கூடங்களும் உணவு விடுதிகளும் நடத்தினர்.

துன்பம் இவர்களையும் விடவில்லை. 1978 மே 4-ஆம் நாள், ஆடைத் தொழிலாளியாகிய அல்தாப் அலி என்னும் இளைஞர் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் இனவெறியரால் குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாட்களில், அவருடைய சவப்பெட்டியின் பின் ஏறத்தாழ 7,000 பேர் மழையில் நடந்து நகரின் நடுப்பகுதிவரை ஊர்வலம் சென்றனர். அவர் வீழ்ந்த இடத்துக்கு அருகிலுள்ள பூங்கா 1998 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வீடின்மை மற்றொரு துயரம். நகராட்சி வீடுகள் எளிதிற் கிட்டவில்லை. கிட்டியவை தாக்குதலுக்கு அஞ்சவேண்டிய இடங்களில் இருந்தன. குடும்பங்கள் பல, பாழடைந்து பூட்டிக்கிடந்த வீடுகளில் புகுந்து குடியேறின. 1976-இல் வங்காளியர் வீட்டுவசதி நடவடிக்கைக் குழு அமைந்தது. 1970-களின் இறுதியில் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் வீடமைப்புக் கூட்டுறவு அமைப்பு உருவாயிற்று. இத்தெருவின் நெடிய வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி இதுவேயாகும். முன்னையோர் உணவுக்கும் மருந்துக்கும் சங்கம் கண்டனர். இவர்கள் குடியிருக்கும் கூரைக்கே சங்கம் கண்டனர்.

ஒரே கட்டடம், பல வழிபாடு

பிரிக் லேனும் ஃபூர்னியே தெருவும் கூடும் மூலையில் ஒரு செங்கற் கட்டடம் நிற்கிறது. ஹியூகனாட்டுகள் 1743-இல் அதனைத் தம் ஆலயமாகக் கட்டினர். 1819-இல் மெதடிஸ்டு கிறிஸ்தவர் அதனை ஏற்றனர். 1898-இல் அது யூதர் தொழுகைக்கூடமாயிற்று. 1976 முதல் பள்ளிவாசலாக விளங்குகிறது. சுவரின் உச்சியில் 1743 என்னும் ஆண்டும், மனித வாழ்வு நிழல்போல் நிலையற்றது என்னும் கருத்துடைய இலத்தீன் வாசகமும் பொறித்த நிழற்கடிகாரம் இன்றுமுள்ளது. வந்தவர் எவரும் அதனை அகற்றவில்லை.

இன்றைய நிலை

இத்தெருவின் வங்காள உணவு விடுதிகள் பெரும்புகழ் எய்தின. தெருப்பெயர்ப் பலகைகளில் வங்காள எழுத்தும் இடம்பெற்றது. வட்டாரமே ‘பங்களாடவுன்’ என வழங்கலாயிற்று. ஆனால் ரன்னிமீட் அறநிலையம் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2000-களின் நடுவில் 60 ஆக இருந்த விடுதிகள் 23 ஆகக் குறைந்துவிட்டன. அடுத்திருக்கும் நகர வாணிப நிறுவனங்களின் வளர்ச்சியால் வாடகை ஏறியது முக்கியக் காரணம். ஏழை நெசவாளர் வாழ்ந்த மாடங்கள் இன்று பெருஞ்செல்வரே வாங்கத்தக்க விலையில் உள்ளன. பழைய ட்ரூமன் மதுவடிசாலை நிலத்தில் அலுவலகமும் கடைகளும் கட்டும் திட்டத்தை ஆயிரக்கணக்கானோர் எதிர்த்தும், 2021-இல் உள்ளாட்சிக் குழு அனுமதி அளித்தது. தெருவின் புகழ் வளரவளர, அப்புகழைத் தேடித்தந்தவர்க்கே அங்கே இடம் குறைகிறது.

நாம் அறியவேண்டுவது

நிற்க, இவ்வரலாற்றால் நாம் பெறுவது யாது? ஸ்பிட்டல்பீல்ட்ஸ் நெசவாளரிடம் கைத்திறனுக்குக் குறைவில்லை. அறிவுக்கும் ஒற்றுமைக்கும் குறைவில்லை. கூலியைக் காக்கச் சட்டமும் ஐம்பது ஆண்டுகள் இருந்தது. நூல் வாங்கும் உரிமையும், நெய்ததை விற்கும் உரிமையும், தறி நிற்கும் இடமும் மட்டும் பெரும்பாலோர் கையில் இல்லை. அம்மூன்றும் பிறரிடம் இருந்தமையால் மற்றவை யாவும் நாளடைவில் பயனற்றன.

நெசவாளர் பலர் முன்னின்று 1844-இல் ராச்டேலில் 28 உறுப்பினருடன் கூட்டுறவுக் கடை கண்டதும், நம் மாநிலத்தில் 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் தோன்றியதும் இக்குறையை உணர்ந்ததன் விளைவே. சங்கம் நூல் வழங்குகிறது. துணியை ஏற்று விற்கிறது. விளைபொருளுக்கும் இம்முறையே பொருந்தும். இடைத்தரகர் நிர்ணயிக்கும் விலைக்கு விளைவை ஒப்புவிப்பவரும், முதலாளி நிர்ணயிக்கும் கூலிக்கு நெய்பவரும் ஒரே படகில் இருப்பவரே.

ஆதலின், கூலி உயர்வு வேண்டுமென்று கேட்கும் நாம், சங்கத்தின் பங்குத்தொகை, சேமநிதி, கிடங்கு, விற்பனைக்கூடம் ஆகியவற்றைப் பற்றியும் அதே ஊக்கத்தோடு கேட்டல் வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஐந்தொகைக் கணக்கு வாசிக்கப்படும்போது எழுந்து வெளியே செல்லாமல், கட்டடமும் மனையும் எவர் பெயரில் உள்ளன, வாடகைக்கு இருப்பின் குத்தகை எத்துணை ஆண்டு என்று வினவுதல் வேண்டும். பிரிக் லேனில் மூன்று கூட்டத்தார் பட்டறிந்த இவ்வுண்மையை நாம் ஒரு கூட்டத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.